எல்க் வேட்டை: துப்பாக்கியின் காலிபரும் குண்டு சேர வேண்டிய இடமும்

அமெரிக்காவின் மேற்கு மலை மாநிலங்களில் அக்டோபர் நெருங்கும்போதெல்லாம் துப்பாக்கிக் கடைகளிலும் வேட்டை முகாம்களிலும் தவறாமல் எழும் வாதம் ஒன்று உண்டு. எல்க் மானுக்கு எந்தக் காலிபர், அதாவது எவ்வளவு விட்டமுள்ள குண்டு, போதும், எது போதாது என்பதே அது. நூறாண்டாக நடந்துவரும் இவ்வாதத்தில் குழலின் விட்டத்துக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட, குண்டு எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதற்கும் விலங்கின் உடலில் அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்கும் கிடைப்பதில்லை. இவற்றுள் கடைசியாகச் சொன்னதே முதலில் எண்ணப்பட வேண்டியது. காலிபர் தேர்வு அதற்குத் துணை செய்யும் அளவுக்கே முக்கியம்.

விலங்கைப் பற்றிச் சற்று அறிந்தால்தான் கேள்வியின் கனம் புரியும். ராக்கி மலை எல்க்கின் வளர்ந்த ஆண் ஏறத்தாழ 300 கிலோவுக்கு மேல் எடையிருக்கும். பெண் 225 கிலோ அளவில் இருக்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் கடமானை அறிந்தவர்கள், அதே சாயலில் இன்னும் கனத்த, நீண்ட கால்களுடைய ஒரு மானை நினைத்துக்கொள்ளலாம். (இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கடமானை வேட்டையாடுவது குற்றம், இக்கட்டுரை பேசுவது உரிமம் பெற்று நடக்கும் வட அமெரிக்க வேட்டையை மட்டுமே.) கண்மூடித்தனமான வேட்டையால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் கீழே சரிந்த எல்க்கின் எண்ணிக்கை, இன்று அக்கண்டத்தில் ஏறத்தாழ பத்து லட்சமாக மீண்டிருக்கிறது. மிகப் பெரிய கூட்டங்கள் கொலராடோ மாநிலத்தில் உள்ளன. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலாகும் வரியைக் காட்டுயிர் பராமரிப்புக்கு ஒதுக்கும் 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்துக்கு இந்த மீட்சியில் பெரும் பங்குண்டு.

எல்க்கைச் சுட்டவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் செய்தி, அது எளிதில் விழாது என்பதுதான். நுரையீரலில் குண்டு பட்ட பிறகும் ஒன்றுமே நடவாததுபோல நின்றுகொண்டிருக்கும். பிறகு கூட்டத்தோடு சேர்ந்து நடந்து மரங்களுக்குள் மறைந்துவிடும். அடர்ந்த மயிர் குருதியை உறிஞ்சிக்கொள்வதாலும் தோலுக்கடியிலுள்ள கொழுப்பு காயத்தை அடைத்துக்கொள்வதாலும், சரியாகப் பட்ட குண்டுக்குக்கூடத் தரையில் சுவடு தெரியாமல் போவதுண்டு.

கொலராடோவின் விதிகள் இதற்கு ஓர் அடித்தளத்தை வகுத்திருக்கின்றன. எல்க்குக்குப் பயன்படுத்தும் ரைஃபிள் .24 அங்குலத்துக்கு, அதாவது ஏறத்தாழ 6 மில்லிமீட்டருக்குக் குறையாத காலிபராக இருக்க வேண்டும். குண்டு உடலுக்குள் விரியக்கூடியதாகவும் 85 கிரெய்னுக்கு, அதாவது ஏறத்தாழ 5.5 கிராமுக்குக் குறையாத எடையுடையதாகவும் இருக்க வேண்டும். 100 கெஜத்தில் அதற்கு 1,000 அடி-பவுண்டு (குண்டின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலாவது எஞ்சியிருக்க வேண்டும். இதன்படி பார்த்தால் 1955இல் வந்த .243 வின்செஸ்டர் என்ற தோட்டாவும் சட்டத்துக்கு உட்பட்டதே. ஆனால் சட்டம் சொல்வது இதற்குக் கீழே போகாதே என்பதை மட்டுமே. இதுவே போதும் என்று அது சொல்லவில்லை. 100 கிரெய்ன் குண்டோடு .243ஐத் தூக்கிக்கொண்டு எல்க்கைத் தேடிச் செல்பவர், பக்கவாட்டில் அசையாமல் நிற்கும் விலங்கை அருகிலிருந்து சுடும் வாய்ப்பு வரும்வரை காத்திருக்கும் பொறுமையையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். புதிதாக வேட்டைக்கு வருபவருக்கு அந்தப் பொறுமை அரிது என்பதால், அவர் கையில் அதைக் கொடுக்காமலிருப்பதே நல்லது.

காலிபர் என்பது குண்டின் விட்டத்தைத்தான் குறிக்கிறது. தோட்டாவின் வலிமை அதிலிருந்து தெரியாது. 1906இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு, 1952இல் வந்த .308 வின்செஸ்டர், 1963இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம் ஆகிய மூன்றும் .308 அங்குல விட்டமுள்ள ஒரே வகைக் குண்டைத்தான் எறிகின்றன. வேறுபடுவது அக்குண்டுக்குப் பின்னாலிருக்கும் வெடிமருந்தின் அளவும் அதனால் கிடைக்கும் வேகமும். 180 கிரெய்ன் குண்டை .30-06 வினாடிக்கு ஏறத்தாழ 2,700 அடி வேகத்தில் அனுப்பினால், .300 மேக்னம் அதையே 2,950 அடியளவில் அனுப்புகிறது. இந்த 250 அடி கூடுதல் வேகத்துக்காக வாங்குபவர் தரும் விலை பணத்தில் மட்டும் முடிவதில்லை; அவருடைய தோளும் அதில் பங்கு கொடுக்கிறது.

பழைய வாதத்தின் இரு முனைகளில் நின்றவர்கள் ஜாக் ஓ'கானரும் எல்மர் கீத்தும். வேட்டை இதழ்களில் பல்லாண்டு எழுதிய ஓ'கானர், 1925இல் அறிமுகமான .270 வின்செஸ்டரின் வேகத்தையும் தட்டையான பாதையையும் கொண்டாடினார். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் வாழ்ந்த வேட்டை எழுத்தாளர் கீத், எல்க் போன்ற விலங்குக்குப் பெரிய விட்டமும் கனத்த குண்டும் வேண்டும் என்று விடாமல் வாதிட்டார். பின்னாளில் 1958இல் வந்த.338 வின்செஸ்டர் மேக்னம் அவர் பக்கத்து வாதத்துக்குப் பொருத்தமான தோட்டாவாக அமைந்தது. இவ்விருவரில் யார் சரி என்று இன்றைக்கும் கட்சி பிரிந்து பேசுகிறார்கள். அந்த வாதம் நடந்த காலத்துக் குண்டுகள் எப்படிப்பட்டவை என்பதை மறந்துவிட்டுப் பேசுவதால்தான் அது முடிவுக்கு வருவதில்லை. அக்காலத்து வேட்டைக்குண்டு பெரும்பாலும் மெல்லிய செம்பு உறைக்குள் ஊற்றிய ஈயம். வேகமாகச் சென்று தோள் எலும்பில் மோதினால் உறை கிழிந்து ஈயம் சிதறிவிடும். ஆழமாகப் போவதற்கு எதுவும் மிஞ்சாது. குண்டு பாதி சிதைந்தாலும் மீதிப் பாதி உள்ளே போக வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே கனமாக இருந்தாக வேண்டும். கீத்தின் கனமான குண்டு, உண்மையில் பலவீனமான குண்டுக்கு எதிரான ஒரு காப்பீடு.

அந்தக் குறையை வேறு வழியில் தீர்த்தவர் ஜான் நாஸ்லர். 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்னும் பெரிய மானின் வேட்டையில் தம்முடைய குண்டுகள் விலங்கின் உடலுக்குள் ஆழமாகப் போகாமல் தோற்றதைக் கண்ட அவர், நடுவில் செம்பாலான குறுக்குச் சுவர் வைத்து ஈரறைகளாகப் பிரித்த குண்டை வடிவமைத்தார். முன்னறை ஈயம் விரிந்து காயத்தை அகலப்படுத்தும். சுவருக்குப் பின்னாலுள்ள பாதி உருக்குலையாமல் முன்னேறிச் செல்லும். பார்ட்டிஷன் என்ற பெயரில் அது 1948இல் விற்பனைக்கு வந்தது. பிறகு ஈயத்தை உறையோடு பிணைத்த குண்டுகளும், ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டுகளும் வந்தன. இவை எலும்பைத் தாண்டியும் தம் எடையின் பெரும்பகுதியை இழப்பதில்லை. ஆகவே நல்ல குண்டு பொருத்திய .270 இன்று செய்யும் வேலையை, அந்தக் காலத்தில் இன்னும் பெரிய துப்பாக்கியிடம்தான் எதிர்பார்க்க முடிந்திருக்கும். ஓ'கானர் கட்சி வென்றது என்று இதற்குப் பொருளில்லை. வாதத்தின் அடித்தளமே இடம் மாறிவிட்டது.

எல்க்கைச் சென்றடையும்போது குண்டுக்கு 1,500 அடி-பவுண்டு ஆற்றல் இருக்க வேண்டும் என்ற ஒரு கணக்கை வேட்டைக்காரர்கள் வழிவழியாகச் சொல்வார்கள். தோராயமான எல்லையாக அது உதவும். அதற்கு மேல் அதை நம்புவது தவறு. ஆற்றல் விலங்கைக் கொல்வதில்லை. நுரையீரலும் இதயமும் பெரிய குருதிக்குழாய்களும் கிழிபட்டு, மூளைக்குச் செல்லும் குருதியின் அழுத்தம் விழுவதால்தான் விலங்கு சாகிறது. அதற்கு நல்ல காயத்திலும் பத்துப் பதினைந்து வினாடி ஆகும். அதற்குள் எல்க் நூறு கெஜம் ஓடிவிட முடியும். ஆற்றல் என்பது குண்டு விரிவதற்கும் ஊடுருவுவதற்கும் வேண்டிய மூலப்பொருள் மட்டுமே. அதை எப்படிச் செலவழிப்பது என்பதைக் குண்டின் அமைப்புதான் தீர்மானிக்கிறது. மேலும், குண்டு குழல்வாயை விட்டு வெளியேறும்போது இருக்கும் ஆற்றலின் அளவைக்கொண்டு தோட்டாக்களை ஒப்பிடுவதும் ஏமாற்றும். 2007இல் வந்த 6.5 கிரீட்மோர், குழல்வாயில் .30-06ஐவிடத் தெளிவாகக் குறைந்தது: 2,300 அடி-பவுண்டுக்கு எதிராக 2,900. ஆனால் அதன் ஒல்லியான நீண்ட குண்டு காற்றைக் கிழித்துச் செல்வதில் திறமையானது என்பதால், 400 கெஜத்துக்குப் போகும்போது இரண்டும் 1,500ஐ ஒட்டியே வந்து நிற்கின்றன. ஒல்லியான நீண்ட குண்டு உடலுக்குள்ளும் ஆழமாகச் செல்லும். சுவீடனிலும் நார்வேயிலும் எல்க்கைவிடப் பெரிய மூஸ் விலங்கைப் பல தலைமுறைகளாக 6.5 மில்லிமீட்டர் குண்டால் வேட்டையாடி வருகிறார்கள். கிரீட்மோர் எல்க்குக்கு விளையாட்டுப் பொருள் என்று முகாம்களில் பேசுவது அதனால்தான் எனக்கு ஏற்புடையதாக இல்லை. அதேபோல, அதைக்கொண்டு எந்தக் கோணத்திலும் எந்தத் தூரத்திலும் சுடலாம் என்ற விளம்பரத் தொனியும் ஏற்புடையதல்ல: எலும்பில் மோத நேரும் கோணங்களில் கனத்த குண்டு தரும் சலுகை அதனிடம் இல்லை.

உதைப்பு என்பதுதான் பலர் வெளிப்படையாகப் பேச விரும்பாத பகுதி. எட்டுப் பவுண்டு எடையுள்ள ரைஃபிளில் 6.5 கிரீட்மோர் தோளில் தரும் உதை சுமார் 12 அடி-பவுண்டு; .30-06 சுமார் 20; .300 மேக்னம் 25க்கு மேல்; .338 மேக்னம் 30ஐயும் தாண்டும். உதையை எதிர்பார்க்கும் உடல், விசை முழுதும் பின்வாங்குவதற்கு முந்திய கணத்தில் தானாகவே கண்ணை மூடித் தோளை முன்தள்ளும். தமக்கு அப்படி நேர்வதில்லை என்று சாதிப்பவருக்கு எளிய சோதனை ஒன்று உண்டு: நண்பர் ஒருவர் அவர் பார்க்காதபடி சில முறை உண்மைத் தோட்டாவையும் சில முறை வெற்றுத் தோட்டாவையும் துப்பாக்கியில் இட்டுத் தர வேண்டும். வெற்றுத் தோட்டாவின்மேல் ஊசி 'டிக்' என்று விழும் கணத்தில் குழல்வாய் கீழே குனிந்தால், அந்தத் துப்பாக்கி அவருக்குப் பெரியது. மேக்னத்தை வாங்கி ஆண்டுக்கு ஒரு பெட்டித் தோட்டா மட்டும் சுடுபவரைவிட, .308ஐ வைத்துக்கொண்டு கோடை முழுவதும் பயிற்சி செய்பவர் குண்டை உரிய இடத்தில் சேர்ப்பார். குழல்வாயில் பொருத்தும், வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் பிரேக் உதையைக் குறைக்கும் என்பது உண்மை. அதற்கு ஈடாக வெடிச்சத்தம் பக்கத்தில் நிற்பவரின் காதைப் பதம் பார்க்கும்.

இனி, குண்டு சேர வேண்டிய இடம். எல்க் பக்கவாட்டில் நேராக நிற்கும்போது அதன் இதயம் நெஞ்சுக்கூட்டின் அடிப்பகுதியில், முன்னங்காலின் முழங்கைக்குச் சற்றே மேலே இருக்கிறது. இதயத்துக்கு மேலும் பின்னும் நெஞ்சுக்கூட்டை நிறைத்திருப்பவை நுரையீரல்கள். முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி நேர்கோடாகக் கண்ணை மேலேற்றி, உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு வந்ததும் நிறுத்தினால், அதுவே குறி. அங்கே பட்ட குண்டு இரு நுரையீரல்களையும் துளைக்கும். கொஞ்சம் தாழ்ந்தால் இதயம், கொஞ்சம் உயர்ந்தால் நுரையீரலின் மேற்பகுதி, கொஞ்சம் முன்னே போனால் தோள். பின்னே விலகுவதுதான் ஆபத்து: ஒரு சாண் விலகினால் கல்லீரல், இன்னொரு சாண் விலகினால் இரைப்பை. ஆகவே ஐயமிருந்தால் முன்பக்கம் தவறுவதே மேல். மொத்தத்தில், குறி தப்பினாலும் மன்னிக்கக்கூடிய பரப்பு பத்து அங்குல விட்டமுள்ள வட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

உயரமாகத் தவறுவதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை முகாம்களில் உலவுகிறது. முதுகெலும்புக்குக் கீழே, நுரையீரலுக்கு மேலே, குண்டு போனாலும் எதையும் தொடாத ஒரு வெற்றிடம் இருக்கிறது என்பார்கள். அப்படி ஓர் இடம் இல்லை. நுரையீரல் முதுகெலும்பின் அடிவரை நிறைந்திருக்கிறது. தோளுக்கு மேலே தெரியும் திமிலை முதுகெலும்பு என்று எண்ணிக்கொள்வதுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். அங்கே முதுகெலும்பின் கணுக்களிலிருந்து நீண்ட முட்கள் மேல்நோக்கி எழுந்து நிற்கின்றன. முதுகெலும்பு நாம் நினைப்பதைவிட வெகு கீழே ஓடுகிறது. அந்த முட்களில் குண்டு பட்டால் எல்க் அதிர்ச்சியில் அப்படியே சரிந்து விழும். சுட்டவர் கொண்டாடத் தொடங்குவார். சற்று நேரத்தில் அது எழுந்து ஓடிவிடும். விழுந்த எல்க்கின்மேல் துப்பாக்கியைக் குறிவைத்தபடியே காத்திருக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது இதனால்தான்.

விலங்கு நேர்குறுக்காக நிற்காதபோது, குண்டு நுழையும் இடத்தைப் பற்றி எண்ணுவதை விட்டு, அது வெளியேற வேண்டிய இடத்தைப் பற்றி எண்ண வேண்டும். நம்மை விட்டு விலகிய கோணத்தில் நின்றால், மறுபக்கத்து முன்னங்காலை மனத்தில் நிறுத்தி, அந்தத் தோளை நோக்கிக் குண்டு செல்லும்படி சுட வேண்டும். நுழைவிடம் விலா எலும்புகளின் நடுப்பகுதிக்குப் போய்விடும். கோணம் மிகச் சாய்ந்தால் குண்டு முதலில் இரைப்பையைக் கடக்க வேண்டிவரும். ஈரமான புல் கூடை கூடையாக நிறைந்த அந்தப் பையைத் தாண்டி நெஞ்சுக்கூட்டை அடைவதற்குள் பல குண்டுகள் ஓய்ந்துவிடும். நம்மை நோக்கிய கோணத்தில் நின்றால் அருகிலுள்ள தோளின் முன்முனையே குறி. எலும்பைத் தாங்கும் குண்டும் போதிய எடையும் இங்கேதான் கைகொடுக்கும். நேரெதிரே நிற்பதைச் சுடுவதற்கு இடம் குறுகியது. பின்பக்கத்திலிருந்து சுடுவதையும் தலையையோ கழுத்தையோ குறிவைப்பதையும் நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன்: தாடை உடைந்த எல்க் பல நாள் பட்டினி கிடந்து சாகும்.

தோளின் மேற்பகுதியைக் குறிவைத்து எலும்பையும் தண்டுவடத்தையும் ஒருசேர உடைத்து, நின்ற இடத்திலேயே விழவைக்கும் முறையும் உண்டு. பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்கும் எல்க்குக்கு அது பொருந்தலாம். பிழைக்கு இடம் குறைவு, இரு தோள்களின் இறைச்சியும் குருதி கட்டிப் பாழாகும் என்பவை அதன் குறைகள்.

எல்க் கூட்டமாக வாழும் விலங்கு என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆழமாக ஊடுருவும் இக்காலத்துக் குண்டு ஓர் எல்க்கைத் துளைத்து வெளியேறிப் பின்னால் நிற்கும் இன்னொன்றையும் காயப்படுத்தக்கூடும். உரிமம் ஒரு விலங்குக்குத்தான். எனவே குறிவைத்த எல்க்கின் பின்புறம் காலியாகும்வரை விசையில் விரல் வைக்கக் கூடாது.

எவ்வளவு தூரத்திலிருந்து சுடலாம் என்பதைத் தோட்டாவின் அட்டவணை சொல்லாது. 200 கெஜத்தில் குறிக்கு நேராகப் படும்படி சரிசெய்த .30-06இன் 180 கிரெய்ன் குண்டு, 300 கெஜத்தில் எட்டு அங்குலத்துக்குச் சற்று மேலும் 400 கெஜத்தில் இரண்டடியும் தாழும். இதைத் தூரமானியும் ஸ்கோப்பும் சரிக்கட்டிவிடும். காற்றை அவை சரிக்கட்டுவதில்லை: மணிக்கு பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று அதே குண்டை 300 கெஜத்தில் ஆறேழு அங்குலம் தள்ளும். பத்து அங்குல வட்டத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு ஐந்து அங்குலம்தான். 400 கெஜத்துக்குக் குண்டு சென்று சேர அரை வினாடி ஆகிறது; ஓரடி எடுத்துவைக்க எல்க்குக்கு அது போதும். செங்குத்தான சரிவில் மேலோ கீழோ சுடும்போது நேர்த்தூரத்தை விட்டுக் கிடைத்தூரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். 30 பாகைச் சரிவில் 300 கெஜம் என்பது 260 கெஜமாகவே நடந்துகொள்ளும். பத்து அங்குலக் காகிதத் தட்டில், மேசையின் துணையில்லாமல், உட்கார்ந்தும் மண்டியிட்டும் கோல் ஊன்றியும் சுட்டு, எந்தத் தூரம்வரை ஒரு குண்டும் தப்பாமல் படுகிறதோ அதுவே அவரவர் எல்லை. பத்தாயிரம் அடி உயரத்தில் மூச்சிரைக்க ஏறி வந்த நிலையில் அந்த எல்லையும் சுருங்கும்.

ஈயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விரியும் ஈயக் குண்டு காயத்தைச் சுற்றிப் பொடித்துகள்களை விட்டுச் செல்கிறது. வேட்டைக்காரர் காட்டில் விட்டுவரும் குடல்குவியலைத் தின்னும் கழுகுகளுக்கு அது நஞ்சு. 1982இல் 22 பறவைகளாகச் சுருங்கிய கலிஃபோர்னியா காண்டோர் கழுகை மீட்கும் முயற்சிக்கு ஈயம் பெரும் தடையாக இருந்ததால், அம்மாநிலம் 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத் தோட்டாவைத் தடைசெய்தது. செம்புக் குண்டுக்கு மாறுபவர் கவனிக்க வேண்டியது, அது விரிவதற்கு வேகம் தேவை என்பதை. பல வகைகள் வினாடிக்கு 1,800 முதல் 2,000 அடிக்குக் கீழே சரியாக மலர்வதில்லை. செம்பு ஈயத்தைவிட இலேசானது என்பதால், வழக்கத்தைவிட ஒரு படி எடை குறைந்த குண்டை எடுத்து வேகத்தைக் காத்துக்கொள்வதுதான் பொதுவான தீர்வு; .30-06இல் 180க்குப் பதிலாக 165 அல்லது 150 கிரெய்ன்.

சுட்ட பிறகு எல்க் இன்னும் நின்றுகொண்டிருந்தால், முதல் குண்டு சரியாகப் பட்டது என்று தோன்றினாலும், மீண்டும் சுட வேண்டும். கண்ணுக்கு மறைந்துவிட்டால் அது நின்ற இடத்தையும் கடைசியாகத் தெரிந்த இடத்தையும் ஏதேனும் மரத்தைக்கொண்டு அடையாளம் வைத்து, அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். நுரை கலந்த இளஞ்சிவப்புக் குருதி நுரையீரல் காயத்தைக் காட்டும்; அந்த எல்க் அருகிலேயே கிடக்கும். கருஞ்சிவப்புக் குருதி கல்லீரலைக் குறிக்கும். அதற்குச் சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சை நிறக் கசிவும் புளித்த நாற்றமும் தெரிந்தால் குண்டு இரைப்பையில் பட்டிருக்கிறது. உடனே துரத்தினால் அது மைல்கணக்கில் ஓடும்; விட்டுவைத்தால் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் புதருக்குள்ளேயே படுத்துவிடும். காத்திருக்கும் நேரத்தில் பனி பெய்தால் சுவடு மறையும், வெயில் ஏறினால் இறைச்சி கெடும். இவ்விரண்டையும் எடைபோட்டு எப்போது எழுந்து செல்வது என்ற முடிவை, அந்த இடத்தில் நிற்பவர்தான் எடுத்தாக வேண்டும். கண்டெடுத்த பிறகு உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது கொலராடோவில் தண்டனைக்குரிய குற்றம். வளர்ந்த ஆணில் எலும்பு நீக்கிய இறைச்சியே ஏறத்தாழ 90 கிலோ தேறும் என்பதால், தனியாகச் சென்றவர் அந்தச் சரிவில் முதுகில் சுமையோடு மூன்று நான்கு முறையாவது ஏறி இறங்க வேண்டியிருக்கும்.